சருகும் போத்தலும் ஒரே வாளிக்குள்ளா? பிள்ளைக்குப் படக்கதை எடுக்கும் முன்

"அக்கா, துப்புரவும் இயற்கையும் சொல்லித் தருகிற படக்கதை ஒன்று வேண்டும். கடையில் ஒன்று இருக்கிறது, இந்தியப் புத்தகம். அதை வாங்கட்டா, இல்லாவிட்டால் போனில் இலவசமாக இருக்கிறதைக் காட்டட்டா?"

சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளோடு இருக்கும் தாய்மார். தகப்பன்மாரும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு முடிவதில்லை, ஏனென்றால் இதே விஷயத்தில் நான் ஒருமுறை பிழையாக வாங்கியிருக்கிறேன்.

தங்கச்சியின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. நான் வாங்கிக் கொடுத்த கதையில் ஒரு பையன் சாமான்களைக் கண்டபடி போடுவான். இரவில் அந்தக் குப்பையெல்லாம் பூதமாக எழுந்து நிற்கும். அவன் பயந்துபோய் எல்லாவற்றையும் வாளிக்குள் போடுவான், அறை பளபளக்கும். படங்கள் அவ்வளவு அழகு. இரண்டு நாள் கழித்துப் போனால், யன்னல் ஓரத்தில் அவன் அடுக்கி வைத்திருந்த சிப்பி, சோகி, வாகை நெற்று ஒன்றையும் காணவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவை. "குப்பையெல்லாம் போட்டாச்சு பெரியம்மா" என்றான். லொறி காலையிலேயே வந்து போய்விட்டது.

அந்தப் புத்தகம் அவனுக்கு அடுக்கி வைக்கக் கற்றுக்கொடுத்தது. கூடவே, வெளியிலிருந்து வருவதெல்லாம் அழுக்கு என்றும் கற்றுக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கீழே சொல்லும் விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கிறேன்.

## எதையெல்லாம் பார்ப்பது

சருகு எங்கே போகிறது? துப்புரவும் இயற்கை மேல் அக்கறையும் கைகோத்துக்கொண்டு வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். எப்போதும் வராது. ஒரு சருகும் இல்லாமல் முற்றத்தைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிற வீடு துப்புரவான வீடுதான். மண்ணுக்குப் போகவேண்டிய உணவைப் புகையாக்கிய வீடும் அதுவே. ஆகவே புத்தகத்தில் சுத்தம் செய்கிற பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். சருகும் பிளாஸ்டிக் போத்தலும் ஒரே வாளிக்குள் விழுகின்றனவா? விழுந்தால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். வாழைப்பழத் தோல் ஓரிடம், போத்தல் வேறிடம், பொறுக்கிய சிப்பி தட்டின் மேல் என்று வைத்திருந்தால் அதை எழுதியவர் இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார். கொழும்பில் குப்பை லொறியே உக்குவதையும் உக்காததையும் பிரித்துக் கேட்கிறது. பிள்ளையின் புத்தகம் அதற்குப் பின்தங்கி நிற்கக் கூடாது.

பிள்ளையின் கைக்கு என்ன வேலை கொடுக்கிறது? "பூமியைக் காப்போம்" என்பது நான்கு வயதுக்காரி செய்யக்கூடிய காரியம் இல்லை. யோகட் கோப்பையைக் கவிழ்த்து வைப்பதை அவள் செய்வாள். இந்த ஊரில் அது சின்ன வேலையும் இல்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அதைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் தண்ணீரில்தான். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். "ஏன் ஒழுங்காக வைக்கவேண்டும்?" என்று பிள்ளை கேட்டால், "அம்மா ஏசுவா" என்பதைவிட நல்ல காரணம் இங்கே இருக்கிறது. அப்படி ஒரு காரணத்தைப் புத்தகம் தருகிறதா என்று பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாப் பாரத்தையும் பிள்ளையின் தோளில் ஏற்றும் புத்தகங்கள் இருக்கின்றன: நீ பொறுக்கினால் கடல் சுத்தமாகும், நீ மறந்தால் ஆமை சாகும் என்று. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி எரிந்தது. ஜூனில் மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து, பருப்பளவில் கரையெல்லாம் ஒதுங்கின. எந்தப் பிள்ளையின் சோம்பலாலும் வந்த குப்பை இல்லை அது. பெரியவர்களும் கொம்பனிகளும் செய்யவேண்டியதைப் பிள்ளையின் குற்றமாக்கும் கதை எனக்கு வேண்டாம்.

யார் கூட்டுகிறார்கள்? அம்மாவும் அக்காவும் மட்டும் விளக்குமாற்றோடு நிற்க, தம்பி கடைசிப் பக்கத்தில் "நன்றி" சொல்கிறானா? தெருக் கூட்டும் தொழிலாளி படத்தில் இருக்கிறாரா, இருந்தால் அவருக்கு முகம் இருக்கிறதா? பத்து விநாடியில் பார்த்துவிடலாம்.

சொற்கள் வாயில் நிற்கின்றனவா? கடையிலேயே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். நீங்களே தடக்குப்பட்டால் இரவு ஒன்பது மணிக்கு நித்திரைக் களையில் இன்னும் தடக்குப்படுவீர்கள்.

கட்டு எப்படி? காலி வீதிக்குக் கடற்பக்கமாகக் குடியிருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். நடுவில் இரண்டு கம்பி அடித்த புத்தகங்களின் கம்பி உப்புக் காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். பிறகு நடுத்தாள் கழன்று வரும், பழுப்புக் கறை படத்தில் ஊறும். நூல் தைத்த புத்தகம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

## இந்தியாவிலிருந்து வரும் தமிழ்ப் புத்தகங்கள்

தெரிவு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், 1996 முதல் சென்னையிலிருந்து வெளியிடும் தூலிகா, 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் மூன்றும் தமிழில் சிறுவர் படக்கதைகள் போட்டிருக்கின்றன. ஓவியத்தில் நல்ல உழைப்பு இருக்கும். தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் பதிப்புகளும் உண்டு. ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளை, முதலில் தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்கு வர அவை உதவுகின்றன. கொழும்பில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

மறைந்திருக்கும் செலவு முதலில் விலையில். அட்டையில் 60 என்று இருப்பதைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது. இந்திய ரூபாய் ஒன்று நம் காசில் சுமார் மூன்றரை ரூபா. கொண்டுவரும் செலவையும் கடைக்காரர் அதன்மேல் சேர்ப்பார். இன்னொன்று, வெள்ளவத்தைப் பூபாலசிங்கம் போன்ற கடைகளில் இன்று கண்ட சிறுவர் புத்தகம் அடுத்த மாதம் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. பிடித்திருந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

சொல் விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. "கொசு என்றால் பிள்ளைக்கு விளங்காது, நுளம்பு என்று இருக்கவேண்டும்" என்று முன்பெல்லாம் கடுமையாகச் சொல்வேன். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் யூடியூப்பும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் கொசு, பள்ளி, நாற்காலி, ஆட்டோ எல்லாம் தெரிந்துதான் இருக்கின்றன. தடக்குவது துப்புரவுச் சொற்களில். "மக்கும் குப்பை" என்று வாசித்தபோது ஒரு சின்னவள், "குப்பை மக்கா?" என்று கேட்டாள். மக்கு என்றால் அவளுக்குப் படிப்பு வராத பிள்ளை. வீட்டில் அவள் கேட்டதும் லொறிக்காரர் சொல்வதும் "உக்கும் குப்பை." புத்தகத்தில் சொன்ன வேலையை வீட்டில் செய்யவேண்டும் என்றால் சொல்லும் வீட்டுச் சொல்லாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் இடையில் நின்று மாற்றிச் சொல்லவேண்டும்.

அடுத்தது நிலம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இயற்கை என்று வந்தால் வறண்ட கிணறு, குடத்தோடு வரிசை, ஒரு துளி நீரின் அருமை என்று கதை அடிக்கடி அந்தப் பக்கம் போகும். அங்கே அது உண்மை, மனதைத் தொடுவதும் உண்டு. கொழும்புப் பிள்ளை கண்ணால் காண்பது எதிர்ப்பக்கம்: மழை பெய்தால் நிரம்பி வழியும் வாய்க்கால், அதில் மிதந்துவரும் சொப்பிங் பைகள். பை அடைத்தால் வீதியில் தண்ணீர் என்று சொல்லும் கதை அவளுக்கு நேராக விளங்கும்.

படத்தின் தரம் முக்கியம், ஒன்றுக்குப் பத்துப் புத்தகத்தைப் புரட்டி எடுக்கவேண்டும், பிள்ளை இரு மொழியில் வளர்கிறாள் என்றால் இந்த வழியில் போங்கள்.

## இலங்கையில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். அதனாலேயே இதைக் கடுமையாகப் பார்க்கிறேன்.

சொல் சரியாக இருக்கும். கதிரை, அலுமாரி, யன்னல், நுளம்பு, குப்பைவாளி என்று பிள்ளை வீட்டில் கேட்பதே எழுத்தில் வரும். மரமும் பறவையும் தெரிந்தவையாக இருக்கும். விலையும் கைக்கு எட்டும். இன்னொரு நன்மை பலருக்குத் தோன்றுவதில்லை: இங்கே வரும் சில படக்கதைகள் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியாக வெளிவருகின்றன. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை அதே படத்தைத் தன் மொழியில் வைத்திருந்தால், இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே கதையை இரண்டு மொழியில் பேசுவார்கள். கடையில் இரண்டு பிரதிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

குறை எங்கே? முதலாவது, பெரியவர் குரல். நல்ல கதையாகப் போய்க்கொண்டிருக்கும், கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் கதைக்குள் ஏறி நின்று "ஆகவே பிள்ளைகளே, நாமும்" என்று தொடங்கிவிடுவார். ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்றே ஒரு பாடம் இருக்கிறது. அங்கே சொல்வதையே திரும்பச் சொல்ல ஒரு படக்கதைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நான் அப்படிப்பட்ட கடைசிப் பக்கத்தை வாசிக்காமலே மூடிவிடுவேன். பல புத்தகங்கள் அதனால் நன்றாகிவிடும்.

இரண்டாவது, சிங்களத்திலிருந்து வந்த சில மொழிபெயர்ப்புகள் விறைப்பாக இருக்கும். "சத்தமாக வாசித்துப் பாருங்கள்" என்றது முக்கியமாக இவற்றுக்குத்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. படங்களில் வரும் வீடு ஓட்டு வீடு, முன்னால் முற்றம், பக்கத்தில் கிணறு. தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில் இருக்கும் பிள்ளைக்கு இயற்கை எங்கே இருக்கிறது? பல்கனிப் பூச்சாடியில், ரயில்பாதைக்கு அப்பால் கடலில், வாய்க்கால் ஓரத்தில் வெயில் காயும் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பில், காலையில் பிரித்த குப்பைப் பையைக் கிழிக்க வரும் காகத்தில் இருக்கிறது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. இந்த நகரத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. பெத்தகானவிலும் தியசரு பூங்காவிலும் பலகைப் பாதையில் நடந்துபோய் நீர்ப்பறவைகளை ஒரு பிள்ளை அருகிலே பார்க்கலாம். இவ்வளவும் இருந்தும், என் கைக்கு வந்த துப்புரவுக் கதைகளில் இந்தக் கொழும்பைக் காணவில்லை. எழுதக்கூடியவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதை எழுதுங்கள்.

எங்கே தேடுவது? செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் ஒரே நாளில் நிறையப் பார்த்துவிடலாம். பிள்ளையைக் கூட்டிப் போவதாக இருந்தால் வார நாள் காலையில் போங்கள், சனி ஞாயிறில் நெரிசலில் ஒரு பக்கம் புரட்ட முடியாது. ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் நல்ல சிறுவர் புத்தகங்கள் தயாரித்திருக்கிறது. அவை கடைக்கு வருவதைவிடப் பாடசாலை நூலகங்களுக்குப் போவதே அதிகம். பிள்ளையின் பாடசாலையில் கேட்டுப் பாருங்கள், அலுமாரிக்குள் பூட்டியபடியே இருக்கக்கூடும்.

## ஆங்கிலப் புத்தகத்தை வாங்கித் தமிழில் சொல்வது

மூன்று வயதுக்குக் கீழே என்றால் இதற்கு இடம் உண்டு. கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகங்கள் தமிழில் குறைவு, ஆங்கிலத்தில் தாராளம். பழைய புத்தகமாக மலிவாகவும் கிடைக்கும்.

செலவு வேறு மாதிரி. ஒவ்வோர் இரவும் நீங்கள் மொழிபெயர்க்கவேண்டும். நேற்று சொன்னது போல் இன்று வராது, பிள்ளை திருத்துவாள். பனி, இலையுதிர்காலம், முள்ளெலி என்று அவள் காணாத உலகம். இதையெல்லாம் சமாளிக்கலாம். இயற்கையைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று பிள்ளை பழகிவிடுவதுதான் எனக்குப் பயம். நான்கு வயதுக்குப் பிறகு இதை முதல் தெரிவாக எடுக்கமாட்டேன்.

## இலவசமாக இறக்கி அச்சிடுவது

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறையக் கதைகள் நான்கு வாசிப்புப் படிநிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ரூம் டு ரீட்டின் லிட்டரசி கிளவுட் தளமும் இருக்கிறது. இரண்டிலும் காசு கேட்பதில்லை.

ஸ்டோரிவீவரில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் அதன் உரிமம். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் அவற்றை விட்டிருக்கிறார்கள். எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு நீங்கள் கதையை இறக்கலாம், அச்சிடலாம், சொற்களை மாற்றவும் செய்யலாம். "மக்கும்" என்பதை "உக்கும்" ஆக்கலாம், "ஆட்டோ"வை "ஓட்டோ" ஆக்கலாம். இந்தியப் புத்தகத்தின் ஓவியமும் நம் வீட்டுச் சொல்லும் ஒன்றாகச் சேர்வது இங்கே மட்டும்தான்.

ஆனால் "இலவசம்" என்ற சொல்லோடு கவனமாக இருங்கள். போனில் காட்டுவதாக இருந்தால், கதை முடிந்த கையோடு பிள்ளையின் விரல் அடுத்த வீடியோவைத் தேடும், படுக்கை நேரம் தொலைந்துவிடும். அச்சிடுவதாக இருந்தால் கலர்ப் பிரதிக்குப் பக்கக் கணக்கில் காசு. பக்கங்கள் கூடினால் கடைப் புத்தகத்தின் விலையைத் தொட்டுவிடும். நான் செய்வது, இரண்டு பக்கத்தை ஒரு தாளில் சேர்த்து, தாளின் இரு புறமும் அச்சடித்து, நடுவே மடித்துத் தைப்பது. கடையில் லேமினேட் பண்ணட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பொலித்தீனைக் குறைக்கச் சொல்லும் கதையைப் பிளாஸ்டிக்கால் மூடிக் கொடுத்தால், பிள்ளைக்கு அது ஒரு நாள் விளங்கும். தடித்த காகிதம் போதும்.

ஒரே கதையைப் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, அல்லது முன்பள்ளி வகுப்பு ஒன்றுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வீட்டிலேயே செய்வது

கேட்டவுடன் எல்லோரும் சிரிப்பார்கள், "எங்களுக்கு வரையத் தெரியாதே" என்பார்கள். வரையத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் குப்பைவாளி, பல்கனிச் செடி, லொறி வந்து நிற்கும் சந்தி, கடற்கரை என்று எட்டுப் படம் போனில் எடுத்து அச்சிடுங்கள். பால்மாப் பெட்டியின் அட்டையை வெட்டி அதன்மேல் ஒட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி போதும், அதையும் பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். தடித்த நூலால் மூன்று தையல்.

இதில் எழுதக்கூடியது வேறெந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, ஏனென்றால் கதை நடக்கும் இடம் அவளுடைய வீடு. "இது உக்கும். இது உக்காது. இது நான் பொறுக்கிய சிப்பி, இது குப்பை இல்லை." என் தங்கச்சி மகனோடு உட்கார்ந்து செய்த புத்தகத்தின் மூன்று வரிகள் இவை. மூன்றாவது வரியை அவனாகவே சொன்னான்.

ஏழு வயதுப் பிள்ளையோடு செய்தால், வாளிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற பக்கத்தைக் கட்டாயம் சேருங்கள். பெரும்பாலான புத்தகங்கள் குப்பை வாளிக்குள் விழுந்ததும் கைதட்டி முடித்துவிடுகின்றன. இந்த நகரம் அப்படி முடிந்ததாக நினைத்த குப்பை மீதொட்டமுல்லையில் மலையாக எழுந்து, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு அன்றே, சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று நகரத்துக் குப்பையில் ஒரு பகுதி கெரவலப்பிட்டியில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. மரணத்தைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டியதில்லை. நாம் எறிவது இன்னொருவரின் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இறங்குகிறது என்பதை மட்டும் ஏழு வயதில் சொல்லலாம், விளங்கும்.

செலவு நேரம்தான். ஒரு ஞாயிறு முழுக்கப் போகும். இன்னொரு ஆபத்து, பேனை நம் கையில் இருப்பதால் புத்திமதி தானாக வந்து நுழையும். வந்தால் பிள்ளையிடம் பேனையைக் கொடுத்துவிடுங்கள்.

## வாங்காமலே பார்ப்பது

கொழும்பு பொது நூலகம் 1925 முதல் இருக்கிறது, சிறுவர் பிரிவும் இருக்கிறது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பிள்ளை எந்தக் கதையை மூன்றாவது தடவையும் கேட்கிறாள் என்று அங்கே பார்த்துவிட்டு, அது போன்ற ஒன்றை வாங்குங்கள். ஒரு வீட்டில் இரண்டு மாதம் இப்படிச் செய்தார்கள். வாங்கவேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்த புத்தகத்தைப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

## பக்கத்தில் பக்கமாக வைத்தால்

| | இந்தியத் தமிழ்ப் புத்தகம் | இலங்கைப் புத்தகம் | ஆங்கிலப் புத்தகம் | இறக்கி அச்சிடுவது | வீட்டில் செய்வது |
|---|---|---|---|---|---|
| தெரிவு | நிறைய | குறைவு | மிக நிறைய | நிறைய | நீங்கள் நினைப்பது |
| வீட்டுச் சொல் | பாதி பொருந்தும் | பொருந்தும் | நீங்களே சொல்லவேண்டும் | மாற்றிக்கொள்ளலாம் | முழுதும் பொருந்தும் |
| பிள்ளையின் இடம் படத்தில் | அரிது | கிராமம் உண்டு, தொடர்மாடி அரிது | இல்லை | அரிது | அவளுடைய வீடே |
| மறைந்த செலவு | விலை மாற்றம், திரும்பக் கிடைக்காமை | புத்திமதிக் கடைசிப் பக்கம், விறைப்பான மொழிபெயர்ப்பு | ஒவ்வோர் இரவும் மொழிபெயர்ப்பு | கலர் அச்சு, போன் பழக்கம் | ஒரு ஞாயிற்றுக்கிழமை |
| கட்டின் உறுதி | பார்த்து வாங்கவேண்டும் | பார்த்து வாங்கவேண்டும் | அட்டைப் புத்தகம் நன்று | தையலைப் பொறுத்தது | தையலைப் பொறுத்தது |
| எனக்குப் படும் வயது | 4 முதல் 8 | 4 முதல் 8 | 3க்குக் கீழ் | 3 முதல் 8 | 3 முதல் 7 |

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு இரண்டு வயது என்றால் ஆங்கில அட்டைப் புத்தகம் ஒன்றை எடுங்கள், படத்தைக் காட்டித் தமிழில் பேசுங்கள். பேத்தி மெல்பேர்ணிலோ ரொறன்ரோவிலோ இருந்து விடுமுறைக்கு வருகிறாள், தமிழ் எழுத்து இப்போதுதான் பழகுகிறாள் என்றால் இரு மொழிப் பதிப்பு. முன்பள்ளி நடத்துகிறவர் என்றால் இறக்கி, சொல் மாற்றி, தைத்து வையுங்கள். பிள்ளை கதையெல்லாம் ரசித்துக் கேட்டுவிட்டு விளையாட்டுச் சாமானை மட்டும் அடுக்கமாட்டேன் என்கிறாள் என்றால் இன்னொரு புத்தகம் வாங்கி அதைத் தீர்க்க முடியாது. வீட்டில் செய்யும் புத்தகத்தில் அவளுடைய சாமான் பெட்டியை ஒரு பக்கமாக்குங்கள். இவை எதிலும் சேராத வீட்டுக்கு, பெரும்பாலான வீடு அப்படித்தான், இலங்கையில் அச்சான ஒன்றும் இந்தியாவில் அச்சான ஒன்றுமாக இரண்டு. புத்தகம் குவிந்தால் அதை அடுக்குவதே இன்னொரு வேலையாகிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்ட தாயிடம், கடையில் இருக்கும் இந்தியப் புத்தகத்தின் சுத்தம் செய்கிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சருகு செடியின் அடியில் கிடந்தது, போத்தல் பைக்குள் இருந்தது. வாங்கச் சொன்னேன். இப்போது அதில் "கொசு" வரும் இடங்களிலெல்லாம் மேலே பென்சிலால் "நுளம்பு" என்று எழுதி வைத்திருக்கிறாள். மகள் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறாளாம்: "கொசு நுளம்பு வந்தது, கோப்பையைக் கவிழ்த்தேன்."